அறுபத்து நான்கு சுற்று

வேலையிடத்தில் என்னை எல்லோரும் வால்வு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப்பெயரும் கதவு எண்ணும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது 51. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வால்வு திறந்து மூடும் வேலை. யாரும் வற்புறுத்தி நான் இதைச் சொல்லவில்லை.

எங்கள் நிலையத்தில் ஊருக்குத் தண்ணீர் திறக்கும் முன், பணியில் இருப்பவர் தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, பதிவேட்டில் "குடித்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வைப்பது வழக்கம். சென்ற ஆண்டு குளோரின் கலப்பதும் தண்ணீர் திறப்பதும் கம்ப்யூட்டர் வசம் போனதால், இனிப் பதிவேடு வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது. பெரிய குழாயின் கை வால்வுச் சக்கரத்தில் சங்கிலி போட்டு சீல் வைத்தார்கள். நான் குடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஸ்டோர் கீப்பர், "என்னக்கா, கம்ப்யூட்டருக்கே தண்ணி காட்டுறீங்க" என்று கேலி செய்வார்.

சம்பவத்தன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒரு தம்ளர் பிடித்து வாயில் வைத்தேன். தொண்டை எரிந்தது, துப்பிவிட்டேன். அதன் பிறகு சோதனைக் குழாயில் குளோரின் பார்க்கும் மருந்து விட்டுப் பார்த்ததில், வெளிர் மஞ்சளாக வர வேண்டியது கருஞ்சிவப்பாக வந்தது. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. அளக்கும் கருவியில் பாசி படிந்து குளோரின் குறைவாகக் காட்ட, கம்ப்யூட்டர் மேலும் மேலும் கலந்துகொண்டே இருந்தது என்பது பின்னால் தெரிய வந்தது.

அதன் பிறகு பொறியாளருக்குப் போன் செய்தேன். "ஸ்கிரீன் பச்சையாத்தானே இருக்கு? உங்க நாக்கு சொல்றத நான் எந்தக் கட்டத்துல ஏத்துறது?" என்றார். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் செய்ததில், புகார் எண் கொடுத்து, நான்கு மணி நேரத்தில் பார்ப்போம் என்றார்கள். தண்ணீர் தானாகத் திறக்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. எண்பதாயிரம் பேர் குடிக்கும் தண்ணீர். அதன் பிறகு ஸ்பேனரால் சீலை உடைத்து, சங்கிலியைக் கழற்றி, சக்கரத்தை அறுபத்து நான்கு சுற்று சுற்றி மூடினேன். ஸ்டோர் கீப்பர் கை கொடுக்க வந்தார். கேஸ் ஒருத்தர் மேல் போதும் என்று தடுத்துவிட்டேன். பதிவேடு இல்லாததால், மூடியது நான் என்று சுவரில் சாக்பீஸால் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் என்னைப் பணி இடைநீக்கம் செய்து, சீலை உடைத்ததாகவும் குடிநீரைத் தடுத்ததாகவும் புகார் கொடுத்தார்கள். தண்ணீர் கெட்டது யாரால் என்று கடிதம் எழுதிக் கேட்டதற்கு, கம்பெனி கருவி விற்றவரைச் சொன்னது, கருவி விற்றவர் அதைத் துடைக்க ஆள் வைக்காத அலுவலகத்தைச் சொன்னார், அலுவலகம் கம்பெனியைச் சொன்னது. மூன்று கடிதங்களிலும் பிழையில்லாமல் இருந்தது என் பெயர் மட்டும்தான்.

அதன் பிறகு ஆய்வக அறிக்கை வந்தது: குளோரின், அனுமதித்த அளவைப் போல் ஒன்பது மடங்கு. அன்று மாலையே பொறியாளர் என் வீட்டுக்கு வந்து, டைப் செய்த தாள் ஒன்றைக் கொடுத்தார். கம்ப்யூட்டரே ஆபத்தை அறிந்து தண்ணீரை நிறுத்தியது என்று அதில் இருந்தது. "கையெழுத்து போடுங்கக்கா. கேஸும் போயிடும், வேலையும் திரும்பக் கிடைக்கும்" என்றார். மற்ற நிலையங்களின் கை வால்வை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இனி அது எதுக்கு? கழட்டிடுவோம்" என்றார். என் கணவர், "போட்டுத் தொலையேன், ஊர் வம்பு நமக்கெதுக்கு?" என்றார். "ஊர்த் தண்ணியத்தானே நாமளும் குடிக்கிறோம்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

இன்று காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். சீலை உடைத்தது நான். அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன்.

எழுதியதை ஏட்டு வாசித்துக் காட்டினார். "ஒரு வரி குறைச்சுச் சொல்லியிருந்தா ஜாமீன் சுலபமா இருக்கும்மா" என்றார். ஒரு வரி கூட்டி எழுதச் சொன்னேன்: அப்படி ஒரு தண்ணீர் மறுபடி வந்தால், மறுபடியும் மூடுவேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் எழுதினார். இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது. நான் சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்)