மூடிக்கு அடியில் தூசி

கேமராவின் பின்பக்கத் திரையில் தூசி இருந்தால் அது படத்தில் விழாது. நிறையப் பேருக்கு இது தெரியாது, வனிதா. பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் உறுத்தும். படம் சுத்தமாகவே வரும். காப்பியை எடுத்துக்கொள், ஆறிவிடும்.

கிச்சா முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறான். நாம் பேசுவது அங்கே கேட்காது. டாக்டரிடம் காட்டியாயிற்று என்று நான் உன்னிடம் போனில் சொன்னேன். பார்வை போகும்வரை டாக்டரிடம் போகவே இல்லை என்று அவன் சொல்கிறான். இரண்டும் பொருந்தவில்லையே, ஏன் என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. மாட்டுப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாய். உன்னிடம் மறைப்பது மரியாதையில்லை.

அம்மா போனபோது கிச்சாவுக்கு நாலு வயது, எனக்குப் பதினேழு. அப்பா துரைசுவாமிக்கு ஆபீசும் கோவிலும் போக நேரம் மிஞ்சியதில்லை. கிச்சாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது நான். பிற்பாடு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், தம்பியும் என்னோடு வந்துவிடுவான் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அவர்கள் பலகாரம் தின்றுவிட்டு எழுந்து போவார்கள். எனக்கு அதில் குறையில்லை. அப்பாவும் போனபிறகு கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் கிச்சா இருந்தான்.

அவனுடைய இடது கண் சின்ன வயதிலேயே பட்டாசு வெடித்துப் போய்விட்டது. மிச்சம் வலது கண் ஒன்று. அதற்கும் சோடாப் புட்டிக் கண்ணாடி. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவன் படம் எடுக்கக் கற்றுக்கொண்டான். கல்யாணம் எடுத்தான், பறவை எடுத்தான். அவன் எடுத்த படங்களை முதலில் பார்ப்பவள் எப்போதும் நான்தான்.

எங்கள் ஊர்க் காற்று உனக்குப் பழக்கமில்லை. தை மாதம் கணவாய்க்குள் புகுந்து அடித்தால் அலமாரிக்குள் வைத்த துணியில்கூட மண் இருக்கும். நல்லேப்பிள்ளிப் பக்கம் வயலில் கொக்குகளைப் படம் எடுத்துவிட்டு வந்த அன்று, கேமராத் திரைக்கும் அதன் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி மூடிக்கும் நடுவே தூசி புகுந்திருந்தது. உண்மையான தூசி. நானே பார்த்தேன். கடையில் கொடுத்தால் வர நாளாகும் என்று நானே சுத்தம் செய்தேன். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி அடங்கும்வரை காத்திருந்தால் காற்றில் இருக்கிற தூசி கீழே படிந்துவிடும். அதன்பிறகு ஹேர் ட்ரையரால் மூடியின் ஓரத்தை மெல்லச் சூடாக்கினால் பசை இளகும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை நுழைத்து மூடியைத் தூக்கி, உள்ளே ரப்பர் பல்பால் காற்று ஊதி, திரும்ப ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

கிச்சா பக்கத்தில் நின்று பார்த்தான். "அக்கா, உன் கை டாக்டர் கையாக்கும்" என்றான்.

அதற்கடுத்த மாதம் படம் எடுக்க மாட்டுப்பட்டிக்குப் போனான். ஒரு வாரம் என்று சொல்லிப் போனவன் மூன்று வாரம் தங்கினான். அந்த நாட்களில் நான் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். ஒருத்திக்கு மட்டும் சாதம் வடிக்க எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்தது. திங்கட்கிழமை கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்டதற்கு எனக்குக் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமித்தான் பேசினேன். உனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம்.

திரும்பி வந்தவன் உன்னைப் பற்றிச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்பா காளிச்சாமி தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார் என்றான். அங்கேயே ஒரு ஹோட்டலில் படம் எடுக்கும் வேலை, குவார்ட்டர்ஸோடு கிடைத்திருக்கிறது, சித்திரையில் கல்யாணம் என்றான். நீ வேறு ஜாதி என்பதால் நான் இப்படிச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. இதே தெருப் பெண்ணைக் காட்டியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் அன்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அவன் சொன்னான்: "அக்கா, நீயும் எப்போ வேணும்னாலும் வந்து இருக்கலாம் கேட்டியா. விருந்தாளிக்குன்னு ஒரு ரூம் தனியா இருக்கு."

விருந்தாளிக்கு.

வேலையில் சேர அவன் புறப்பட இருந்த வாரம். கேமராவை நீட்டி, "பின்னேயும் தூசி வந்துடுத்து பாரு, போன தடவை மாதிரியே" என்றான். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். திரையில் ஒன்றுமில்லை.

"ஆமாம், இருக்கு. கொறச்சு, துளிதான் இருக்கு. துடைச்சுத் தரேன்" என்றேன்.

அன்று நான் நினைத்தது அவ்வளவுதான். துடைக்க இரண்டு நாள் ஆகும், பயணம் இரண்டு நாள் தள்ளிப்போகும். வெந்நீரைத் திறந்துவிட்டேன். ட்ரையரைப் போட்டேன், சத்தம் வெளியே கேட்க வேண்டுமே. மூடியைத் தூக்கி, ஒன்றுமில்லாத இடத்தில் காற்று ஊதி, திரும்ப ஒட்டினேன்.

"போகலையே அக்கா. கொசு மாதிரி ஓடிண்டிருக்கு" என்றான். மூடிக்கடியில் அடைபட்ட தூசி ஓடாது, வனிதா.

அவன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கிச்சா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வெளியே பெஞ்சியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். இவ்வளவு பவர் உள்ள கண்ணில் விழித்திரை பிரிய வாய்ப்பு உண்டு. கரும்புள்ளி பறப்பது போலவோ மின்னல் வெட்டுவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே அழைத்து வாருங்கள். உடனே வந்தால் லேசரில் சரி செய்துவிடலாம் என்றார். பையன் பயந்துவிடுவான், அவனிடம் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

மறுபடியும் துடைத்தேன். மறுநாளும். பிறகு ஓரத்தில் பளிச் பளிச்சென்று ஏதோ வெட்டுகிறது என்றான். ட்யூப்லைட்தான் கண்ணடிக்கிறது என்று சொல்லிப் புதிது வாங்கி மாட்டினேன். பக்கவாட்டில் நிழல் போல விழுகிறது என்றான். மூடியின் ஓரம் கிளம்பியிருக்கிறது, புது மூடிக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"கேமரா இல்லாதபோதும் தெரியறதே. டாக்டரைப் பாத்துடலாமா அக்கா?"

"டோக்கன் சொல்லி வச்சிருக்கேன். அடுத்த வாரம்தான் கிடைச்சுது. அதுவரைக்கும் கண்ணை மூடிப் படுத்துக்கோ" என்றேன். நான் யாருக்கும் போன் செய்யவில்லை. கண் விஷயத்தில் சிறு வயதிலிருந்தே அவன் என் பேச்சைத் தாண்டியதில்லை. படுத்துக்கொண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துவிட்டேன். மாட்டுப்பட்டி ஹோட்டலுக்கு அவன் பெயரில் நானே செய்தி அனுப்பினேன், வரத் தாமதமாகும் என்று.

அப்போதுதான் நீ எனக்கு போன் செய்தாய். "அக்கா, அவுக கண்ணு மங்கலா இருக்குன்னு சொன்னாக. டாக்டர்ட்ட காட்டிட்டீகளா? எனக்குப் பயமா இருக்குக்கா" என்றாய். அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல். காட்டியாயிற்று, வெறும் களைப்புத்தான், போன் பேசினால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். நீ உடனே போனை வைத்துவிட்டாய். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் காப்பியோடு போய் அவனை எழுப்பினேன். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது, கட்டிலில் வெயில் விழுந்திருந்தது.

"அக்கா, லைட்டைப் போடேன்" என்றான்.

நான் லைட்டைப் போட்டேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

 அவன் கையை நீட்டி என் முகத்தைத் தேடினான். மூக்கு, கன்னம், காது என்று தடவிப் பார்த்தான். சின்னக் குழந்தையாக இருந்தபோது அப்படிச் செய்வான். கோயம்புத்தூரில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். சில நாட்கள் முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று உனக்குச் சொன்னது அவனுடைய முடிவு. நான் தூண்டவில்லை. போன் எண்ணைப் போட்டுக் கொடுத்தது மட்டும்தான் நான். பேசி முடித்ததும் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். இப்போது அழுவதில்லை. சாதத்தைப் பிசைந்து கையில் வைத்தால் சாப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பத்திரிகை படித்துக் காட்டுகிறேன், மத்தியானம் வரை பேசிக்கொண்டிருக்கிறோம். சாதம் மிஞ்சுவதில்லை.

ஆனால் நீ அவனை விட்டுப் போக மாட்டேன் என்கிறாய். கண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அழைத்துப் போகிறேன் என்கிறாய். இது நான் எதிர்பார்க்காதது. எதற்கு எழுந்திருக்கிறாய், உட்கார். போலீசுக்குப் போவதானால் போ, நான் எங்கும் ஓடமாட்டேன். என் தம்பியின் கண்ணைப் போக்கியது நான்தான். தெரிந்துதான் செய்தேன். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முன்னறைக்குப் போய் இதை அவனிடம் சொல்லிவிடாதே. உடைந்துவிடுவான். அவன் கஷ்டப்படுவதை மட்டும் என்னால் ஒருநாளும் பார்க்க முடிந்ததில்லை.