ஒன்றாம் நம்பர் சீட்

எனக்குச் சத்தம் ஆகாது, அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

வானவெடி எப்படி விரியும் என்று கம்ப்யூட்டரிலேயே காட்டுகிற நம் சிமுலேட்டரை எழுதியவன் இந்தத் தருண்குமார். ஒவ்வொரு வெடிக்கும் பெட்டியின் பின்பக்கம் அச்சாக வேண்டிய வர்ணனையை அது ஒரு ஃபைலில் எழுதும். கூடவே, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, திரையில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்று பேர். புரோகிராமின் வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன பேச வேண்டும் என்று எழுதிவைத்ததும் நான்தான். பொழுது போக வேண்டாமா?

போன வாரம் நீங்கள் சிமுலேட்டரைப் பார்க்க வருவதாகச் சொன்னீர்கள். நீங்கள் நிற்கும்போது அது வாயைத் திறந்தால் வம்பு. எனக்குத்தான் சத்தம் ஆகாதே, அந்த வாயை மூடிவிட்டேன்.

நம் ஆட்கள் ஏறி வருகிற ஏழாயிரம்பண்ணை வேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் நம்பர் சீட்டில் திரை உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பி இறக்கிவிட்டேன். அடுத்து ஏறிய வர்ணனை ஃபைல், காலியாகக் கிடந்த அதே சீட்டில் உட்கார்ந்துகொண்டது. புரோகிராம் ஆளைப் பார்க்காது, ஒன்றாம் நம்பரைப் பார்த்துத்தான் பேசும். திரையில் பேச வேண்டியதெல்லாம் ஃபைலுக்குள் போனது. ஃபைல் பிரஸ்ஸுக்குப் போனது. பின்பக்கம் இந்த வரியோடு பெட்டி விருதுநகர் கடைகளுக்கே போய்விட்டது:

"வெள்ளி மழை பொழியும். அண்ணாச்சி மண்டை மாதிரி பளபளன்னு இருக்குலே."

நீங்கள் பிரஸ் முனியராஜைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏலே, எம் மண்டையையா பெட்டியில போட்டிருக்க?"

"வந்த ஃபைலத்தான் அடிச்சேன் அண்ணாச்சி. ஒங்க மண்டையப் பத்தி நான் ஒண்ணும் நெனச்சதே இல்ல."

அது உங்களுக்கு இன்னும் சுருக்கென்றது. நாளையிலிருந்து வராதே என்றீர்கள். மேற்கொண்டு அவரைப் பேசவே விடவில்லை.

அவர் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நடந்தது ஒங்களுக்குத் தெரியும்ல. நீங்க எடுத்துச் சொன்னாத்தான் அண்ணாச்சி கேப்பாக."

அதனால்தான் எழுதுகிறேன். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். சீட் மாறியது என் கவனக்குறைவு. கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

அச்சடிக்கும் முன் முனியராஜ் புரூஃபைக் கொண்டுவந்து காட்டியது உண்மை. அந்த வரியில் விரலை வைத்து, "இது சரிதானா தம்பி?" என்று கேட்டதும் உண்மை. நிதானமாக வாசித்தேன். சரியில்லை. 'மன்டை' என்று இருந்தது. நம் கம்பெனிப் பெட்டி பிழையோடு வெளியே போவது எனக்குப் பொறுக்காது, அண்ணாச்சி. மூன்று சுழி 'ண' போட்டு, அடிக்கச் சொன்னேன்.