முதல் ஐநூறு கிலோமீட்டர்

வண்டி வாங்குகிறவர்கள் முதலில் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் எஞ்சினைப் பற்றி. பின் அச்சுக்குள் எத்தனை பல் என்று கேட்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் ஐயா. தப்பில்லை, அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

முப்பத்தொரு வருடமாக நான் பின் அச்சு வேலை மட்டும்தான் செய்கிறேன். என்னைப் பல் டாக்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும், அது பினியன். அது சுற்றிவிடுகிற பெரிய சக்கரம் கிரவுன். பெரியதன் பற்களைச் சின்னதன் பற்களால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. அந்த எண் கூடினால் வண்டி எடுத்த எடுப்பில் பாயும், ஆனால் நீண்ட சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். குறைந்தால் சாலையில் அமைதியாகப் போகும், சிக்னலில் கிளம்பும்போது சோம்பல் முறிக்கும். பாய்ச்சலும் வேண்டும் அமைதியும் வேண்டும் என்றுதான் எல்லாரும் வந்து நிற்பார்கள்.

வாத்தியாரும் அப்படித்தான் வந்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். உங்கள் காகிதத்தில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. எனக்கு அவர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். வண்டி நாற்பத்தைந்து வருடப் பழசு. இரண்டே கதவு, நீளமான முன்பக்கம், பெரிய எஞ்சின், நாலே கியர். ஒரு காலத்தில் பந்தயக்காரர்கள் ஆசைப்பட்ட வண்டி. நடுவில் யாரோ பின் அச்சில் கைவைத்துக் கெடுத்திருந்தார்கள்.

அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது. டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் போகிறது, நூறில் ஓட்டினால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று ஒவ்வொரு ரேஷியோவுக்கும் கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஒரு எண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. 3.55. முப்பத்தொன்பது பல்லுக்குப் பதினொன்று.

"சரியா இருக்கா அண்ணே?" என்று கேட்டார், மாணவன் மாதிரி.

சரியாக இருந்தது. எனக்கே அந்த விடை வரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் நோட்டை மூடிக் கொடுத்தேன்.

"கணக்கு வேற, ரோடு வேற வாத்தியாரே. முதல்ல நாலு பாயிண்ட் ஒண்ணு போட்டுப் பார்ப்போம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பல் பொருத்தினால் முதல் ஐநூறு கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும். அதன்பிறகு வண்டி பொருத்தியவனிடமே திரும்பி வர வேண்டும். பழைய ஆயிலை இறக்கி, அதில் இரும்புப் பொடி எவ்வளவு என்று விரலில் தேய்த்துப் பார்த்து, புது ஆயில் ஊற்ற வேண்டும். அதுவரை வேறு எவன் கையும் படக் கூடாது என்பதற்காக நான் ஆயில் மூடியின் மேல் குறுக்கே ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போடுவேன். மூடியைத் திருகினால் கோடு உடைந்துவிடும். ஆகவே, பல் மாற்றினால் ஆள் திரும்பி வருவார். அவ்வளவுதான்.

என் மனைவி கோபித்துக்கொண்டு போனவள் இல்லை. மருமகள் பிரசவத்துக்கு என்று மகன் வீட்டுக்குப் போனாள். அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போன் வரும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வெச்சிடட்டுமா. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜ் ஓடுவதும் நிற்பதும் காதில் விழும். அது நிற்கிற நேரம் எனக்குப் பிடிக்காது. அதனால்தான் விடுமுறையிலும் ஷெட்டைத் திறந்து வைத்திருந்தேன். அன்றைக்கு வாத்தியார் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அப்படி ஒருவர் என்னோடு பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

4.10 போட்டு அனுப்பினேன். ஐந்து வாரத்தில் வந்தார். சாலையில் காது கிழிகிறது என்றார். அது எனக்குத் தெரிந்ததுதான். அடுத்து 3.08. அதில் வண்டி மேட்டில் முக்கியது. அப்புறம் 3.90, அப்புறம் 3.73. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன், ஒவ்வொன்றும் நம்பும்படி இருந்தது. கணக்குத் தெரிந்தவர், இருந்தாலும் தன் நோட்டை விட என் வாயை நம்பினார். நடுவில் வேலை இல்லாத ஞாயிறுகளிலும், 'சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்' என்று வரச்சொல்வேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

பிறகு குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். அவர் மனைவி வாய்த் துடுக்கு. "எங்க பொண்ணுக்கே பல்லு ஒரு தடவைதான் விழுந்து முளைக்குது. இந்த வண்டிக்கு எத்தனை தடவை அண்ணா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரித்தேன். பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. கிரவுனின் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள், முப்பதுக்கு மேல் குழம்பி மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத்தான் கூப்பிட்டாள். அதன்பிறகு மஞ்சள் கோடு போடுகிற வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். எப்போதும் கோணல்தான். நான் திருத்தியதில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

சென்ற மாதம் வாத்தியார் பழைய நோட்டோடு வந்தார்.

"ஒரே ஒரு தடவை என் கணக்குப்படி போட்டுடுங்க அண்ணே. வீட்ல அவளுக்கு வேலை மாத்தலாகி இருக்கு. முந்நூத்தி இருபது கிலோமீட்டர். இனி வண்டி சாலையிலதான் ஓடும்."

"அப்போ ஆயில் மாத்துறதுக்கு?"

"அங்கயே யாராவது நல்ல ஆளாப் பார்த்துக்கிறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

சிரமம் என்ற வார்த்தையைத்தான் சொன்னார். 

3.55 பொருத்தினேன். வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக நான் வேறு எதையும் பொருத்தியதில்லை. பல் படும் இடம் தெரிய நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தபோது பல்லும் பல்லும் நடுவில் உட்கார்ந்திருந்தன. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிய வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் அண்ணே. இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். தேடிக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான் என்று அவருக்குத் தெரியாது.

அவர்கள் கிளம்புகிற அன்று காலை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று வண்டியை ஏற்றி நிறுத்தினேன். உள்ளே இரண்டு லிட்டர் ஆயில் இருக்க வேண்டும். ஒன்றரை லிட்டரை இறக்கிவிட்டேன். மூடியை நன்றாக முறுக்கினேன். பாப்பா தூரிகையோடு பக்கத்தில் காத்திருந்தாள். கோடு போட்டாள்.

நான் நினைத்தது இதுதான். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் அச்சு ஊளையிட ஆரம்பிக்கும். வாத்தியார் பயந்துபோய்த் திரும்புவார். சரிசெய்ய நாலைந்து நாளாகும், அதுவரை என் வீட்டில் தங்குவார்கள். இரண்டு அறை சும்மாதானே கிடக்கிறது. படுக்கை விரிப்பெல்லாம் முந்தின நாளே துவைத்துப் போட்டிருந்தேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தியிருந்தார்.

"பின்னால சத்தம் வருது அண்ணே. நீங்க சொல்வீங்களே, புதுப் பல் ஐநூறு வரைக்கும் கொஞ்சம் பேசும்னு. அதுதானே?"

எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் நகர்த்தி, போனை வெளியே நீட்டச் சொன்னேன். அவர் மனைவி நீட்டினார். கேட்டேன். பினியன் பேரிங் காய்ந்துவிட்டது. அது எந்த இடத்திலும் இறுகலாம். இறுகினால் பின் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், அப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லச் சொல்லி வக்கீல் சொன்னார். முப்பத்தொரு வருடத் தொழில்காரன் அப்படிச் சொன்னால் அசிங்கம்.

"எதிர்லயே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு. மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லட்டுமா?" என்றார்.

திறந்தால் ஆயில் இல்லை என்பது தெரிந்துவிடும். நான் அதற்குப் பயப்படவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் பெரிய பயம் அது இல்லை. அவன் ஒன்றரை லிட்டர் ஊற்றுவான், பத்து நிமிட வேலை, அவர்கள் மேற்கொண்டு போய்விடுவார்கள்.

"வேண்டாம் வாத்தியாரே. என் கோட்டை யாரும் தொடக் கூடாது. திருப்பிக்கிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்."

"மெதுவா வரட்டுமா?"

"எப்பவும் போல வாங்க."

பின் சீட்டிலிருந்து பாப்பா கத்துவது கேட்டது. "பெரியப்பா வீட்டுக்கா போறோம்?" அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஷெட்டைப் பெருக்கினேன். மூன்று தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அவளுக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் அடுக்கினேன். இரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள். நாலு மணிக்கு உங்கள் ஆள் வந்தார்.

எண்பது கிலோமீட்டர் திரும்பி வந்துவிட்டார்கள் என்றார். இன்னும் அறுபதுதான் பாக்கி. வாத்தியார் அந்த இடத்திலேயே போய்விட்டார், அவர் மனைவி இரண்டு நாள் இருந்தார். பாப்பாவுக்குக் காலில் மட்டும்தான் அடி என்று நேற்று சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மூடியில் கோடு உடையவில்லை, வேறு யார் கையும் படவில்லை என்பது உங்களுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. கோடு ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டீர்கள். அது பாப்பா போட்டது. மற்றதெல்லாம் நான் செய்தது, தெரிந்தே செய்தது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் ஐயா. ஆஸ்பத்திரியில் அவள் யாரைக் கேட்டு அழுகிறாள் என்று நீங்கள் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். கால் சரியானதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது அவளை இங்கே கூட்டிவரச் சொல்லுங்கள். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?