சிவந்துபோன சந்தோஷம்

ஹலோ... ஹலோ... அரியலூர் ரயில்வே ஸ்டேஷனா?... யாரு, அத்தானா?... நான்தான் அத்தான், ஆரோக்கியசெல்வம்... ஆமா, ஆமா, பெரம்பலூர்தான். ஸ்கூலுக்கு எதுத்தாப்ல இருக்கிற தபாலாபீஸ்லேர்ந்து பேசறேன். ஒரே ஒரு கேள்வி. திருச்சி ரயில் வந்துடுச்சா?... வந்துடுச்சா! கோட்டுப் போட்டுக்கிட்டு, கையில குடையோட ஒருத்தர் எறங்கினாரா?... அவரேதான். எங்க ஸ்கூல் இன்ஸ்பெக்டர். இப்ப எங்கே?... வெயிட்டிங் ரூமா? நல்லது. கதவை வெளிப்பக்கமா சாத்திடுங்க.

விளையாடலீங்க அத்தான்! ஒரு மணி நேரம் அவரை அங்கேயே நிறுத்தி வைக்கணும்... எப்படின்னா? பெரம்பலூர் பஸ் கரியில ஓடறதுதானே, அடுப்பு பத்திக்கலைன்னு சொல்லுங்க... பத்திக்கிச்சா? அப்ப அணைக்கச் சொல்லுங்க!

கேளுங்க, கேளுங்க. ரத்தம் அத்தான். ஸ்கூல் செவரெல்லாம் ரத்தம்... ஐயோ, ஒருத்தரும் சாகலை. சந்தோஷம்தான் ரத்தமாயிடுச்சு... இல்ல, குடிக்கலை. காலைல நீராகாரத்தைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகலை. என் வேலையே போகப் போகுது, நீங்க வேற.

சரி. முதல்லேர்ந்து சொல்றேன். நான் டிராயிங் கிளாஸ்ல என்ன சொல்லிக்குடுக்கிறேன்? யானை வேணாம், கூஜா வேணாம், மாம்பழம் வேணாம். பயமா இருந்தா பயத்தைப் போடு. அழுகை வந்தா அழுகையைப் போடு... பயத்துக்கு வடிவம் கிடையாதுதான். யாரு இல்லேன்னா? அதைத்தான் இன்ஸ்பெக்டர் கண்ணால பார்க்கணும்ங்கிறாரு. மூணு வருஷமா நான் டெம்பரரி. இன்னிக்கு அவர் எழுதற ரிப்போர்ட்டுலதான் நான் டிராயிங் மாஸ்டரா, இல்ல நம்ம ஊரு எலக்குறிச்சியில ஏர் புடிக்கிறவனான்னு முடிவு.

எங்க ஹெட்மாஸ்டர் குழந்தைவேல் சார் ஒரு உத்தரவு போட்டாரு. இன்ஸ்பெக்டர் வர்றப்ப ஒரு பயலும் அழுகையைப் போடக் கூடாதாம். நாலாங் கிளாஸ் முப்பத்தெட்டு பேருக்கும் சந்தோஷம். எல்லாம் ஒரே சைஸ்... ஆமா, ஸ்கேல் வச்சு அளந்து கோடு போட்டுக் குடுத்தாரு. ஒரு பிள்ளைக்கு ஒன்பது அங்குலம் சந்தோஷம்.

இந்த யுத்தக்காலத்துல கலர் டப்பாவுக்கு எங்கே போறது? மஞ்சத்தூளைக் கரைச்சோம். ஒரு வாரம் பழைய நியூஸ் பேப்பர்ல தடவிப் பழகினாங்க. சொக்கத்தங்கமா வந்துச்சு அத்தான் சந்தோஷம்! இன்னிக்கு அசல் வேலை. தெருப்பக்கத்துச் செவருல. விடியக்காலைல சுண்ணாம்பு அடிச்சு வச்சிருந்தாரு ஹெட்மாஸ்டர். பளிச்சுன்னு இருந்துச்சு. ஈரங்கூடக் காயலை. பிள்ளைங்க மஞ்சளைத் தொட்டு, உள்ளங்கையால ஒரு இழுப்பு இழுத்தாங்க பாருங்க... கையை எடுக்கறதுக்குள்ள செக்கச்செவேல்னு ஆயிடுச்சு!

...பொய் இல்ல! மேரி மாதா சத்தியமா! செவந்த கையோட பிள்ளைங்க தெருவுக்கு ஓடினாங்களா, தெருவே இங்கே வந்துடுச்சு. ஒரு கோஷ்டி வேப்பிலையைக் கொண்டாந்து செவத்துல சொருகிட்டுது. எங்க கோயில் ஜனம் முட்டி போட்டு ஜெபமாலை உருட்டுது. இப்ப செவரு யாருதுன்னு ரெண்டு கோஷ்டிக்கும் தகராறு... ஹெட்மாஸ்டரா? மஞ்சத்தூள் எவன் குடுத்தான்னு கத்தினாரு. உங்க வூட்டு அம்மாதான் சார் குடுத்தாங்கன்னேன். அப்ப அந்தச் செவத்தடியில நாக்காலியில உக்காந்தவருதான். இன்னும் எந்திரிக்கலை.

யாரு சிரிக்கிறது? அங்கே யாரோ சிரிக்கிறாங்க அத்தான்!... லீலா அக்காவா? உங்களுக்கு டிபன் கொண்டாந்தாளா?... தம்பி வேலை போகப்போகுது, அவளுக்குச் சிரிப்பா?... என்ன?... என்ன சொல்றா?... மஞ்சளும்... ஆமா... சுண்ணாம்பும்... ஆமா...

ஆரத்தி!

அட ஆண்டவரே. எங்க கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நிறுத்தி ஒரு தட்டைச் சுத்தினாங்களே, அந்தத் தண்ணி! அது செவப்புத்தானே!... நான் எங்கே பார்த்தேன்? தட்டையா பார்ப்பேன், பொண்ணைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்ப நான் முப்பதடி செவத்துக்கு ஆரத்தி கரைச்சிருக்கேன்!... சிரிக்காதேன்னு சொல்லுங்க அவளை. மாத்த வழி இருக்குதான்னு கேளுங்க... புளித்தண்ணியா? ஊத்தினா மறுபடி மஞ்சளாயிடுமா?... அக்கா, நீ நல்லா இருப்பே!

இருங்க அத்தான், வச்சுடாதீங்க... சாந்தா டீச்சர்! ஏ சாந்தா டீச்சர்! இங்கே, ஜன்னல்ல! புளியைக் கரைச்சு செவரு முழுக்க ஊத்தச் சொல்லுங்க!... ஆமா, புளி! கொழம்புக்கு ஊறவச்சது, ரசத்துக்கு ஊறவச்சது, எது இருந்தாலும் வூடு வூடா வாங்கிட்டு வரச் சொல்லுங்க! சீக்கிரம்!

ஹலோ, அத்தான்... அத்தான் இல்லையா? எக்ஸ்சேஞ்சா? ஐயா, இன்னும் மூணு நிமிஷம் குடுங்க... இல்லீங்க, சாவு இல்ல... உடம்புக்கும் ஒண்ணும் இல்ல... சந்தோஷம் சம்பந்தமா ஒரு அவசரம்... நன்றிங்க, நன்றிங்க.

...அத்தான், லைன் வந்துடுச்சு. எங்கே விட்டேன்?... யாரது சட்டையைப் புடிச்சு இழுக்கறது? என்னடி வீராயி? தபாலாபீசுக்குள்ள எப்படி வந்தே? நான் முக்கியமா... என்ன? ஊத்தக் கூடாதா? யாருது மேல? நீ போட்டது மேலயா?... ஏன்டி?

...

அத்தான். ஒரு நிமிஷம். இது என் கிளாஸ் பொண்ணு. எட்டு வயசு. காலைல எல்லாரும் கையை மஞ்சள்ல முக்கறப்ப, எனக்குச் சந்தோஷம் வரலை சார்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னா. வரலைன்னாலும் போடுன்னேன்... ஹெட்மாஸ்டர் சொல்லலை. நான் சொன்னேன். நானே சொன்னேன்.

ஏன் வரலைன்னா... அவ ஒரு சேவல் வளர்த்தா. இன்ஸ்பெக்டர் மத்தியான சாப்பாட்டுக்குன்னு ஹெட்மாஸ்டர் நேத்து அதைப் புடிச்சுக்கிட்டு வந்துட்டாரு. இப்ப ஸ்கூல் பின்னாடி கொதிச்சுக்கிட்டு இருக்கு. வாசனை அடிக்குதாம். அதை மோந்துக்கிட்டே ஒன்பது அங்குலம் சந்தோஷம் போடச் சொல்லியிருக்கேன். இப்ப வந்து சொல்றா, நான் மனசுல வச்சிருந்ததுதான் சார் செவத்துல வந்திருக்கு, அழிக்காதீங்கன்னு.

அப்ப மத்தவங்களுது எப்படிடி செவந்துச்சு?... அவங்களுக்கும் கோபந்தானா? எதுக்கு?... விடியக்காலைல எழுப்பி சுண்ணாம்பு அடிக்க வச்சாரா? ஹெட்மாஸ்டரே அடிச்சாருன்னுல்ல நான் நெனச்சேன்!... சரி. நீ போ. போய் உன்னோடதுக்கு முன்னாடி நின்னுக்க.

அத்தான், இப்ப நான் சொல்றதை அப்படியே செய்ங்க. இன்ஸ்பெக்டரை நிறுத்த வேணாம். கதவைத் திறந்துவிடுங்க. பெரம்பலூர் நாலாங் கிளாஸ்ல இன்னிக்குப் பாடம் சந்தோஷம் இல்ல, கோபம்னு போய்ச் சொல்லுங்க... ஆமா, கோபம்தான்... நல்லா யோசிச்சுட்டேன். போனாப் போகட்டும். ஏர் புடிக்கக் கத்துக்கறேன். போய்ச் சொல்லுங்க, நான் இப்படியே நிக்கறேன்.

...இல்ல செல்லதுரை சார், பேசி முடிக்கலை. லைன்ல இருக்காங்க. தபாலாபீஸ்னா அவசரக்காரன் வருவான், போஸ்ட்மாஸ்டர்தான் பொறுத்துக்கணும்... தந்தி குடுக்க வந்தவரை ஓரமா உக்காரச் சொல்லுங்க சார். மாமியார் செத்த சேதிதானே, அது ஓடிப்போயிடாது.

ஹலோ! ஆங், அத்தான்! சொல்லிட்டீங்களா? என்னாரு?... எந்திரிச்சு நின்னுட்டாரா? கோபமாவா?... கையைக் குலுக்கினாரா! உங்க கையையா?... இந்த மாசம் மட்டும் பதினோரு ஸ்கூல்ல சந்தோஷத்தைப் பார்த்துட்டாரா... சூரியன், தாமரை, சூரியன், தாமரை... பாவம், வாய்க்குக் கசப்பு தட்டிப்போச்சாமா? ஆமா, ஆமா... என்னது? நெசமான கோபம் ஒண்ணே ஒண்ணு காட்டினாப் போதும், வேலையை நிரந்தரம்னு எழுதித் தரேன்னாரா? அத்தான்! ஒண்ணு என்ன, முப்பதடிக்குக் காட்டறேன்! இதோ, இந்த ஜன்னல்லேர்ந்தே தெரியுது பாருங்க, செக்கச்செவேல்னு...

...

அத்தான். மஞ்சளா இருக்கு.

புளித்தண்ணி அத்தான்! நான்தானே ஊத்தச் சொன்னேன்! மூணு வருஷமா நான் சொன்ன ஒரு சொல்லை இந்த ஊர்ல எவனும் கேட்டதில்ல. இன்னிக்குன்னு பார்த்து ஊரே கேட்டிருக்கு! வேப்பிலை கோஷ்டியும் ஜெபமாலை கோஷ்டியும் ஒண்ணாச் சேர்ந்து குடம் குடமா ஊத்துது! சாந்தா டீச்சர்! நிறுத்துங்க! போதும்! சுண்ணாம்பு கொண்டாங்க, சுண்ணாம்பு!... தீர்ந்துபோச்சா? ஒரு சட்டி கூடவா இல்ல?... செல்லதுரை சார், உங்க வெத்திலைப் பொட்டியைக் குடுங்க... இதுல நகத்தளவுதானே இருக்கு! இதை வச்சு நான் யாரோட கோபத்தைப் போடறது?

வீராயியோடதா?... நிக்கறா அத்தான், கையை விரிச்சுக்கிட்டு குறுக்க நிக்கறா... அட, அவளைச் சுத்தி மேலாக்க ஊத்தறாங்க... ஐயையோ! டேய், பார்த்து! கீழே நாக்காலி இருக்குடா!...

ஊத்திட்டாங்க.

ஹெட்மாஸ்டர் மேலதான். முழுக் குடம். எந்திரிச்சுட்டாரு அத்தான். தலையில புளியஞ்சக்கை தொங்குது... யாரு சொல்லி ஊத்தினீங்கன்னு கேக்கறாரு... எல்லாரும் தபாலாபீசைக் கைகாட்டறாங்க... சாந்தா டீச்சருமா!... செருப்பைக் கழட்டிட்டாரு. தெருவைத் தாண்டறாரு.

என்ன? யாரு என்கிட்ட பேசணும்கிறது? இன்ஸ்பெக்டரா? அங்கேயே நிக்கறாரா?... குடுங்க, குடுங்க... நமஸ்காரம் சார். ஆமா சார், ஆரோக்கியசெல்வம்... தயாரா இருக்கு சார்... வர்ணமா? வர்ணம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு சார், ஆனா கோபத்துக்குக் குறைவில்ல... நெசந்தான் சார், பார்த்து வரைஞ்சது இல்ல, உசிரோட இருக்கு. வாசப்படி ஏறுது... நேர்ல வர்ற வரைக்கும் எதுக்கு சார் காத்திருக்கணும்? இப்பவே கேக்கலாம். ரிசீவரை மட்டும் காதுலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் புடிச்சுக்கங்க.

வாங்க சார், வாங்க ஹெட்மாஸ்டர் சார்... அடிக்காதீங்க சார், போன்ல ஆள் இருக்கு!... நான் இல்ல சார், என் மேல தப்பே இல்ல. அரியலூர் ரயில்வே ஸ்டேஷன்ல சொகுசா உக்காந்துக்கிட்டு ஒருத்தர் சொன்ன யோசனை... ஆமா சார், லைன்லதான் இருக்காரு... தாராளமா கேளுங்க சார், உங்க சேவலைத் தின்ன ரெடியா இருக்கிற ஆளுதான்... இந்தாங்க. நல்லா உரக்கப் பேசுங்க சார், லைன் சரியில்ல.