பூட்டிக் கிடந்த பஜனை மடம்

திருச்சுழி பஸ்ஸில், "எம் புருசனுக்குச் சனிக்கெழம மட்டுந்தான் தாகமெடுக்குமா?" என்று ஒரு நெசவுக்காரப் பெண் கேட்டாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று எனக்கு வேர்த்துவிட்டது. எந்த ஊரில் யார் புருஷனைக் கெடுத்தேன் என்று அவசரமாக யோசித்தேன். நல்லவேளை, கேள்வி என் பக்கத்தில் இருந்த மதுவிலக்குச் சங்கக் காரியதரிசிக்கு. சர்க்கார் கள்ளுக்கடையை மூடியதும், குடியை விட்டவர்களுக்கென்று பஜனை மடம் திறந்தவர் அவர்.

"வாரம் ஒரு பஜனை வச்சிருக்கம்ல, தாயி."

"தறிய விட்டு எந்திரிச்சா அவுகளுக்குத் தெனமும் கை நடுங்குது. ஓடக்காட்டுல தெனமும் சாராயம் காச்சுறாக. ஒங்க மடம் மட்டும் ஆறு நாளு பூட்டிக் கெடக்கு."

"தொறந்து போட்டா ஜமக்காளம் களவு போயிரும்."

"சாவியக் குடுங்க. நான் காவல் இருக்கேன்."

"பொம்பள கையில மடத்துச் சாவியா?"

"அப்பத் தெனமும் பொழுதடைய அவுகள ஒங்க வீட்டுல கொண்டாந்து உக்கார வைக்கிறேன். நீங்களே பேசிக்கிட்டு இருங்க."

பின் ஸீட்டில் யாரோ சிரித்தார்கள். காரியதரிசி இடுப்பு மடியை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.

"ஜமக்காளம் பத்திரம்."

"பாத்துக்கிறேன். ஆளு பத்திரம்னு ஒங்க வாயில ஒரு வார்த்த வரலயேய்யா."