உடைசல் மேட்டுக்கு ஒரு வாரம்

தட்டிப் பார்த்தால் வெண்கலமாய் ஒலிக்கும் பீங்கான்போல் விரிசலே இல்லாத நெஞ்சம் கொண்ட சங்கத் தலைவர் தங்கதுரை அவர்களே, முன்வரிசையை முழுசாய் நிறைத்திருக்கும் மூத்தவர்களே, பொம்மைக்குக் கண்ணெழுதிக் கண்ணெழுதித் தம் கண்ணைத் தேய்த்துக்கொண்ட தாய்மார்களே, கம்மாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த உறவினர்களே, டீ கிளாஸோடு பின்னால் நிற்கும் தம்பிமார்களே, உங்கள் கொளஞ்சிநாதனின் வணக்கம்.

நாளைக் காலை இந்தச் சுவருக்கு அந்தப்புறம் ஜேசிபி இறங்குகிறது. உடைந்த பொம்மைகளைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த உடைசல் மேட்டை வாரி, முள்ளை வழித்து, புதுச் சூளைக்கு இடம் எடுக்கப்போகிறோம். வேண்டாம் என்று சொல்ல வந்தவனா நான்? முதலில் கை தூக்கியவனே நான்தான். ஆனாலும் மனசு பதைக்கிறது. அந்த மேட்டில் ஒருத்தி குடியிருக்கிறாள்.

காது கிழிந்த காட்டுப்பூனை. பார்த்தவர்கள் சிறுத்தையில் பாதி என்கிறார்கள், நான் முக்கால் என்கிறேன். முன்வரிசையில் பழமலைநாதன் சிரிக்கிறார். சிரிங்க அண்ணே. அது முறைத்த முறைப்பில் என் புல்லட்டே நின்றுபோனது. பெட்ரோல் இல்லை என்று சிலர் கிளப்பிவிட்டார்கள், நம்பாதீர்கள்.

அதோ தூணருகே நகம் கடித்துக்கொண்டு நிற்பது என் தங்கச்சி மகள் பூர்ணிமா. காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்கிறவள். பூனையைப் பிடிக்க மாட்டாள், ஊசி குத்த மாட்டாள், கூண்டில் அடைக்க மாட்டாள். அது கழித்துவிட்டுப் போனதை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். அவ்வளவுதான். “பீ பொறுக்கவா ஒங்க தங்கச்சி பொண்ணு அவ்ளோ படிச்சுது?” என்று டீக்கடையில் கேட்டவர் இங்கேயும் இருக்கிறார், பேர் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன் எச்சத்திலும் தடம் விடுமாம். அந்தத் தடத்தை அளந்தால் அது சினையா இல்லையா என்று தொடாமலே சொல்லிவிடலாமாம். தொடாமலே தாய்மையை அறிவது சாதாரண வித்தையா? இதை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு விளக்கியதே நான்தான், அது இருக்கட்டும்.

அளவு ஏறியது, வாராவாரம் ஏறியது. ஆனால் பூனைக்குப் பொய்ச்சினையும் உண்டாம். பொய்யானால் அளவு பாதியிலேயே இறங்கிவிடும், மெய்யானால் இறங்காமல் நிற்கும். எது என்று காட்டவேண்டியது போன வாரத்துச் சாம்பிள். மழை நாள், ஸ்கூட்டர் பஞ்சர். சூளைக்காரர் ராஜாங்கத்திடம் கொடுத்து, ஐஸ் பெட்டியில் வையுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவர் பார்த்தார், கவர் ஈரமாக இருந்தது. இந்த ஊரில் ஈரமாக எதைக் கண்டாலும் நாம் என்ன செய்வோம்? சூளை மேல் வைப்போம். பொம்மையா, துண்டா, பிள்ளைகளின் ஸ்கூலு ஷூவா, எல்லாம் அங்கேதானே காய்கிறது? பாசத்தோடு வைத்துவிட்டார். மண்ணை மாணிக்கமாக்கும் நெருப்பு, அந்த ஹார்மோன் தடத்தை மாயமாக்கிவிட்டது.

ராஜாங்கம், தலை குனியாதீர்கள். உங்கள் இடத்தில் நாங்கள் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

வீட்டுக்கு வந்து பிள்ளை சொன்னாள்: “வயித்துல குட்டி இருக்குதா இல்லையான்னு சொல்ற வாரமே வெந்துபோச்சு மாமா.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தால்? நாளைக்கு அந்த இரும்புப் பல் எங்கே இறங்கும்? வயிற்றுக் குட்டியோடு அவள் எந்தப் பக்கம் ஓடுவாள்? இல்லாமலும் இருக்கலாம், தாய்மார்களே, இல்லாமலும் இருக்கலாம். தெரியாதே. தெரியாமல் எப்படி இறக்குவது? நேற்று புதுச் சாம்பிள் போயிருக்கிறது. பதில் வர ஒரு வாரம். வெந்தது நம் சூளையில்தானே? அந்த ஒரு வாரத்தை நாம்தானே திருப்பித் தரவேண்டும்?

என்ன தம்பி? குட்டி இல்லை என்று பதில் வந்தாலா? வரட்டும், அந்த ஜேசிபிக்கு நானே மாலை போட்டு ஓட்டி வருகிறேன். ஓட்டத் தெரியுமா என்றா கேட்கிறாய்? ரயிலே ஓட்டியிருக்கிறேன், உட்கார்.

தலைவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொல்கிறார். எனக்கு மட்டும் சொன்னால் போதாது. இந்தாங்க மைக்கு, சபைக்குச் சொல்லுங்க.

“ஒரு வாரம் தள்ளிப்போடறேன். பேச்ச முடிங்கண்ணே.”

வேண்டாம், வேண்டாம், கை தட்டாதீர்கள். சுவருக்கு அந்தப்புறம்தான் அவள் படுத்திருக்கிறாள். ஒலிபெருக்கியையும் குறைத்துவிடப்பா. நாளைக்குக் கொளுத்த வெடிக்கட்டு வைத்திருப்பவர்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பளித்த தலைவருக்கும், வாய்மூடி வாழ்த்தும் உங்களுக்கும் நன்றி. மெதுவாக எழுந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வூடு போய்ச் சேருங்கள். வணக்கம்.