மை பூசிய கட்டம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். எங்கள் குகை நடைக் குழுவில் பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்ததே அதனால்தான். வருடத்துக்கு ஒரு தடவை, இருபது பேர், ஒரே குகை. விண்ணப்பம் நூற்றைத் தாண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பதினெட்டு வருடமாக நான்தான் எழுதினேன். அடித்தல் திருத்தல் கிடையாது.

போன வருடம் புதுத் தலைவியாக வந்த கணக்கு டீச்சர், கூட்டத்தில் அந்தப் பட்டியலை விரித்து வைத்தார். "ஏங்க, இதுல பாதிப் பேர் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சானா இருக்கீங்க. இது குழுவா, குடும்பப் போட்டோவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிளம்பர் வேலை பார்க்கும் என் மச்சானும் சேர்ந்து சிரித்தான். பட்டியலில் மூன்றாவது பெயரே அவனுடையது. பதினெட்டு வருடம் மாடாய் உழைத்த எனக்கு மூக்கறுபட்டது. வலித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

புது விதி வந்தது. பாதி இடம் இதுவரை வராதவர்களுக்கு. தேர்வு செய்யும் மூன்று பேரும் 'ஏன் வர விரும்புகிறீர்கள்' என்ற பதிலை மட்டும்தான் படிக்க வேண்டும். பெயர், வயது, ஆணா பெண்ணா, என்ன உதவி வேண்டும் என்ற கட்டங்களில் நான் கறுப்பு மை பூசிக் கொடுக்க வேண்டும். பூசுவதற்கு முன் உதவிக் கட்டத்தில் இருப்பதைத் தனித்தாளில் எழுதி வைத்து, தேர்வானவர்களுடையதை வழிகாட்டியிடம் சேர்ப்பதும் என் பொறுப்பு. நல்ல விதிதான். நான் குறை சொல்லவில்லை.

அந்தத் தையல்காரப் பெண் நான்காவது தடவையாக விண்ணப்பித்திருந்தாள். முதல் மூன்று தடவையும் அவளை ஒதுக்கியவன் நான். அவளுக்குக் காது கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சலில் போனதாம். பேசுவாள், எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். உதவிக் கட்டத்தில் அழுத்தி எழுதியிருந்தாள்: 'விசில் எனக்குக் கேட்காது. என் முகத்தில் இரண்டு தடவை விளக்கு அடித்தால் போதும்.' அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

முழங்கால் வலிக்காரர் கேட்ட கைத்தடியை எழுதி வைத்தேன். சர்க்கரை நோயாளி கேட்ட பிஸ்கட்டை எழுதி வைத்தேன். அவளுடையதை எழுதாமல் மை பூசினேன். மை காய்ந்த பிறகு இன்னொரு தடவை பூசினேன். தேர்வுக்குழு அவளுக்கு முதலிடம் கொடுத்தது. உள்ளே போய்த் தடுமாறட்டும், நாலு பேர் பார்க்கட்டும், விதி தானாகப் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை. மழை என்னைக் கேட்டுக்கொண்டா பெய்கிறது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குகையின் அடிமட்டத்துக்குப் போனதும் ஆளுக்கொரு பாறை மடிப்பில் தனியாக உட்கார்ந்து விளக்கை அணைத்துவிட வேண்டும். கால் மணி நேரம் யாரும் மூச்சு விடக் கூடாது. அந்த இருட்டுக்காகத்தான் நூறு பேர் அடித்துப் பிடித்து விண்ணப்பிக்கிறார்கள். வாசலில் ஒரு காவல் ஆள் ஓடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கலங்கினால் மூன்று விசில். போட்டது போட்டபடி எல்லோரும் மேல் திட்டுக்கு ஏறிவிட வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பது என் பொறுப்பு. அவளைத் தள்ளியிருந்த கடைசி மடிப்பில் உட்கார வைத்தேன். புதியவர்களுக்கு நல்ல இடமாகக் கொடுங்கள் என்று டீச்சரே சொல்லியிருந்தார். இருட்டு அங்கேதான் சுத்தமாக இருக்கும்.

விசில் வந்தது. ஏறினோம். "எல்லாரும் வந்தாச்சா? சீக்கிரம் எண்ணுங்க," என்றார் வழிகாட்டி. எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எண்ணிக்கையில் பிழை வரக் கூடாது அல்லவா. மூன்றாவது தடவை எண்ணும்போது கீழே பாறையில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான், ஒரு ஆள் குறைகிறது என்று சொன்னேன்.

வழிகாட்டி இறங்கினார். இடுப்பளவு தண்ணீர் அவரைத் திருப்பி அனுப்பியது. அப்போது கடைசி மடிப்புப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு தடவை எரிந்து அணைந்தது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி இரண்டு தடவை. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு வெளிச்சம் வரவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் யாரும் வாக்குவாதம் செய்யவில்லை. பழைய பட்டியலே போதும் என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். "மாப்ள, இந்த விதி சரிப்படாதுன்னு நீ அப்பவே சொன்ன, யாரு கேட்டா?" என்று மச்சான் என் தோளைத் தட்டினான். டீச்சர் மட்டும் அந்தப் பெண்ணின் விண்ணப்பப் படிவத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுத்தி எழுதுகிறவள். எத்தனை தடவை மை பூசினாலும் தாளில் விழுந்த பள்ளம் போகாது. அது என் வேலையில் நேர்ந்த பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

அவளிடம் கடைசியாக என்ன பேசினேன் என்று கேட்டீர்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா, நாங்கள் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். உள்ளே நுழையும் முன் அந்தப் பெண் என் சட்டையை லேசாக இழுத்து, "அண்ணே, அந்த விளக்கு விஷயம் வழிகாட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நான் வெயில் என் முகத்தில் விழும்படி திரும்பி நின்றேன். உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகச் சொன்னேன். "சொல்லிட்டேன்மா."

அவளுக்கு அது ஒரே தடவையில் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவளுடைய குறையை மனதில் வைத்து அன்றைக்கு அவளிடம் நடந்துகொண்டவன் நான் ஒருவன்தான், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.